26 சதவீதமா, 10,000 பேரில் 8 பேரா?

நிலா: மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தரும் ஹார்மோன் மாத்திரையால் மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடுகிறது, 2002இல் பத்திரிகைகள் உண்மையைத்தான் எழுதின என்று நேற்று ஒருவர் சொல்லியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அந்தச் செய்திக்கு அடிப்படையான அமெரிக்க ஆய்வில், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரை எடுத்தவர்களில், ஆண்டுக்கு 10,000 பேரில் 38 பேருக்குப் புற்றுநோய். மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 30 பேர். வித்தியாசம் 8. அந்த எட்டு ஏன் தலைப்பில் வரவில்லை?

செய்திமேசை: சொன்னது நான்தான், பெயரைச் சொல்லியே கேட்கலாம். 30 எப்படி 38 ஆகிறது? ஏறக்குறைய 26 சதவீதம் கூடினால்தானே! அந்த எண் ஆய்வுக் கட்டுரையிலேயே இருந்தது. நிருபர் கனவு கண்டு எழுதவில்லை. 16,608 பெண்கள் பங்கேற்ற ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். அது செய்தி இல்லையா?

நிலா: செய்திதான். 8 என்று ஏன் போடவில்லை? அப்புறம், பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நிற்பதோ பெரும்பாலும் 50ஐ ஒட்டி. அந்த 63 எத்தனை தலைப்பில் வந்தது?

பழைய செவிலி: எட்டுப் பேர் என்றால் அவ்வளவு அலட்சியமா அம்மா? பக்கவாதத்திலும் 8 கூடுதல், நுரையீரல் ரத்தக்கட்டியிலும் 8 கூடுதல். வார்டில் நின்று பார்த்தவள் சொல்கிறேன், அது வெறும் எண் இல்லை.

நிலா: அதே ஆய்வில் இடுப்பெலும்பு முறிவு 5 குறைந்தது, பெருங்குடல் புற்றுநோய் 6 குறைந்தது. அதையும் சொல்லுங்கள் அக்கா. நான் அலட்சியம் என்று எங்கே சொன்னேன்? எட்டை எட்டு என்று சொல்லச் சொல்கிறேன்.

தமிழ்ப்பித்தன்: இருவருக்கும் ஒரு வார்த்தை. சதவீதம் அல்ல, விழுக்காடு.

செய்திமேசை: ஐயா, மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் வந்து குழப்பினீர்கள்.

தமிழ்ப்பித்தன்: பிழையோடு எழுதுகிறவர்கள்தான் குழப்புகிறார்கள். இருபது வருடம் செய்தி எழுதினேன் என்று பெருமை பேசினால் போதாது.

நிலா: விழுக்காடு என்று எழுதினாலும் அது 8தான். இன்னொன்று. அதே ஆய்வின் இன்னொரு பகுதியில் கருப்பை அகற்றிய 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். மார்பகப் புற்றுநோய் கூடவில்லை என்று 2004இல் முடிவு வந்தது. முதல் செய்தி போட்ட சத்தத்தில் பாதியாவது அதற்கு இருந்ததா?

செய்திமேசை: அந்தப் பகுதியையும் பக்கவாதம் கூடியதால்தான் நிறுத்தினார்கள். அதை மட்டும் விட்டுவிட்டீர்களே! பிடித்த எண்ணை எடுப்பது, பிடிக்காததை விடுவது. நிருபர் செய்தால் மட்டும் குற்றமா?

நிலா: நான் தலைப்புப் போட்டு லட்சம் பேருக்கு விற்கவில்லை. அம்மாவுக்கு அப்போது 51 வயது. செய்தி படித்த வாரமே மாத்திரையை நிறுத்திவிட்டார். இரவில் எழுந்து உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் படுத்திருந்தவள் நான்.

பழைய செவிலி: கஷ்டம்தான் அம்மா. மருத்துவரைக் கேட்டாரா?

நிலா: கேட்கவில்லை. பயந்தவர் யாரைக் கேட்பார்? தலைப்பில் 8 இருந்திருந்தால் கேட்டிருப்பார்.

செய்திமேசை: அதற்கும் நிருபர்தான் பொறுப்பா? 26 சரியான எண். நேற்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

நிலா: 38இல் 30 போனால் எவ்வளவு? அதை மட்டும் சொல்லுங்கள்.

செய்திமேசை: முதலில் 26 தவறா இல்லையா என்று நீங்கள் சொல்லுங்கள்.