ஆங்கிலத்தில் ‘பை’ என்ற முன்னிடைச்சொல்லைப் பயிற்றுவிக்க வழி வேண்டும்

குழுவில் உள்ள ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம். கானாடுகாத்தான் வீடுகளையும் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகளையும் வெளிநாட்டுப் பயணிகளுக்குச் சுற்றிக்காட்டும் இளைஞர்களுக்கு, காரைக்குடியில் மாலை வேளைகளில் பேச்சு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு உருவாக்கும் கல்லைக் காட்டி ‘மேட் பை ஹேண்ட்’ என்று சரியாகச் சொல்பவர்கள், அடுத்த மூச்சிலேயே ‘மேட் பை சிமெண்ட்’ என்கிறார்கள். அங்கே ‘வித்’ வர வேண்டும். ‘பை கார்’ என்பது, நடுவில் ‘மை’ வந்ததும் ‘இன் மை கார்’ என மாறுவதை ஓரளவு புரிந்துகொண்டார்கள்.

நேரத்தைச் சொல்லும்போதுதான் தடுமாற்றம் தீரவில்லை. ‘பை ஃபைவ்’ என்றால் ஐந்து மணிக்குள், ‘டில் ஃபைவ்’ என்றால் ஐந்து மணி வரை என்று தமிழில் தெளிவாக விளங்கினாலும், வீடு ஐந்து மணி வரை திறந்திருக்கும் என்று சொல்ல வரும்போது ‘பை’ போட்டுவிடுகிறார்கள். கேட்கும் பயணிகள் குழம்பி நிற்கிறார்கள். ஆர்வமும் உழைப்பும் மிக்க இப்பிள்ளைகள் பலர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் என்பதால், இலக்கணப் பெயர்கள் எதுவும் இல்லாமல் வாய்ப்பயிற்சியாகவே பழக்கத் தகுந்த வாக்கியங்கள் தங்களிடம் இருந்தால் அன்புகூர்ந்து பகிர வேண்டுகிறேன்.