ஒரு கிராமுக்கும் குறைவான ஜிக்

எங்கள் தெரு, பிளைமவுத் (மினசோட்டா)
வெள்ளி, ஜூன் முதல் வாரம்

கவிதா: மீன் பிடிக்கிறவர்கள் யாராவது உதவுங்கள். ஆதிக்குப் பள்ளி முடியப்போகிறது. நாளைக்கே மெடிசின் ஏரிக்குக் கூட்டிப்போகச் சொல்லி நச்சரிக்கிறான். தூண்டில் வாங்கியாகிவிட்டது. ஆனால் மண்புழு டப்பாவை ஃபிரிட்ஜில் வைக்க அத்தை சம்மதிக்கவில்லை. புழு இல்லாமல் பிடிக்க முடியுமா?

செந்தில்: தாராளமாகப் பிடிக்கலாம் கவிதா. இந்த ஏரியில் கிடைக்கிற புளூகில், கிராப்பி என்ற சின்ன மீன்கள் இரண்டுக்குமே நான் புழு போடுவதில்லை. குட்டி ஜிக் (உலோகத் தலை வைத்த தூண்டில் முள்) ஒன்று, அதில் மாட்ட ஒரு ரப்பர் வால். அது போதும்.

கவிதா: கடையில் இதைக் கொடுத்தார்கள் அண்ணா 👇
[படம்]

செந்தில்: இது கால் அவுன்ஸ் தலை, நாலு அங்குல ரப்பர் புழு. பாஸ் மீனுக்கு நல்லது, ஆதி பிடிக்கப்போகும் மீனுக்கு ஆகாது. புளூகில் உள்ளங்கை அளவு வளர்ந்திருந்தாலும் அதன் வாயில் உன் சுண்டுவிரல் நுனி நுழைவதே கஷ்டம். இந்தப் புழுவின் வாலை மட்டும் கடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

செந்தில்: 1/32 அவுன்ஸ் என்று போட்டிருப்பதை வாங்கு. ஒரு கிராம்கூட வராது. தூண்டில் முள் 8ஆம் நம்பர். புளூகிலுக்கு ரப்பர் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். தங்கூசி (தூண்டில் நரம்பு) நாலு பவுண்டு தாங்குகிற வகை. தடித்த தங்கூசியில் இவ்வளவு லேசான ஜிக் நேராக இறங்காது, சுருண்டு தொங்கும்.

அருண்: நான் எப்போதும் 1/16தான் போடுகிறேன் செந்தில் அண்ணா. அதற்குக் கீழே போனால் வீசவே முடிவதில்லை.

செந்தில்: தக்கை போடாமல் வீசினால் நீ சொல்வது சரி, அருண். தக்கை போட்டுவிட்டால் வீசுவதற்கான எடை அதிலேயே இருக்கிறது. ஜிக் எவ்வளவு மெதுவாக இறங்குகிறதோ அவ்வளவுக்கு மீனுக்குப் பார்க்க நேரம் கிடைக்கும். புளூகில் அவசரப்பட்டுப் பாயாது. பக்கத்தில் வந்து, நின்று, முறைத்துப் பார்த்துவிட்டுத்தான் உறிஞ்சும். காற்று அடிக்கிற நாளில் மட்டும் நான் 1/16க்குப் போவேன்.

பாலு மாமா (கவிதா வீடு): தம்பி, நான் கவிதாவின் மாமனார். தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கிறேன். வாய்க்காலில் மைதா உருண்டை போட்டு ஜிலேபி பிடித்த ஆள். இந்த மீன் படத்தைப் பார்த்தால் ஜிலேபி மாதிரியே தட்டையாக இருக்கிறது. இங்கே கடையில் கொடுத்த தக்கை எலுமிச்சம்பழம் அளவில் உருண்டையாக இருக்கிறது. இவ்வளவு சின்ன மீன் இதை எப்படி இழுக்கும்? நாங்கள் மயிலிறகுத் தண்டைத்தான் கட்டுவோம்.

செந்தில்: மாமா, அந்த மயிலிறகுத் தண்டுதான் இதற்குச் சரியானது! உருண்டைத் தக்கையை இழுக்கும்போது எதிர்ப்பு தெரிந்து மீன் துப்பிவிடும். இங்கே பென்சில் மாதிரி மெல்லிய தக்கை கிடைக்கும். அதையே போடுங்கள்.

பாலு மாமா: தக்கை உள்ளே போனதும் சுண்ட வேண்டுமா?

செந்தில்: சுண்டவே கூடாது மாமா. கிராப்பிக்கு வாயோரத் தோல் காகிதம் போல மெல்லியது. வெடுக்கென்று இழுத்தால் கிழிந்து முள் வெளியே வந்துவிடும். கோலை மெதுவாகத் தூக்கினால் போதும். இன்னொன்று, கிராப்பி கடித்தால் தக்கை உள்ளே போகாமலும் இருக்கலாம். அது கீழேயிருந்து மேலே பார்த்துத் தின்கிற மீன். ஜிக்கைக் கவ்விக்கொண்டு மேலே வரும், எடை போனதும் நின்றிருந்த தக்கை சாய்ந்து படுத்துவிடும். படுத்தால் தூக்குங்கள்.

அருண்: நான் அதைக் காற்று என்று நினைத்து விட்டுவிடுவேன் 🙏

செந்தில்: கிராப்பி மேலே பார்த்துத் தின்பதால்தான் ஜிக்கை அது நிற்கிற ஆழத்துக்கு ஓரடி மேலே நிறுத்த வேண்டும். கீழே இறக்கிவிட்டால் அது பார்க்காது.

கவிதா: ரப்பரை எப்படி மாட்டுவது? ஆதி மாட்டியது கோணலாக நிற்கிறது.
[படம்]

செந்தில்: கழற்றி மறுபடி மாட்டு. முதலில் ரப்பரை முள்ளுக்குப் பக்கத்தில் வைத்து, வளைவு எங்கே வருகிறது என்று நகத்தால் ஒரு குறி வை. மூக்கின் நடுவில் குத்தி, முள்ளின் வளைவோடு ரப்பரைத் தள்ளிக்கொண்டே போய், குறியில் வெளியே எடு. உடம்பு கம்பி போல நேராக நிற்க வேண்டும். கோணலாக இருந்தால் தண்ணீரில் சுழலும், தங்கூசி முறுக்கிக்கொள்ளும், மீனும் தொடாது. தலைக்குப் பின்னால் சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டால் நழுவாது. குளூவை நீ விடு, ஆதி வேண்டாம்.

செந்தில்: முடிச்சு போட்டதும் தொங்கவிட்டுப் பார். ஜிக் தரைக்கு இணையாகப் படுத்தவாக்கில் தொங்க வேண்டும். மூக்கு தூக்கி நின்றால் முடிச்சை ஜிக்கின் வளையத்தின் மேல்பக்கம் நகர்த்து. நிஜமான குட்டி மீன் எதுவும் செங்குத்தாக நின்று நீந்துவதில்லை. ஒவ்வொரு மீன் எடுத்த பிறகும் முடிச்சு நகர்ந்திருக்கும், சரிசெய்துகொள்.

மீனாட்சி ஆன்ட்டி: ஒரு வேண்டுகோள். ஈயத் தலை வைத்த ஜிக் வாங்காதீர்கள். லூன் நம் மாநிலப் பறவை. அது இரையை அரைக்கக் கூழாங்கல் விழுங்கும். தூண்டில் அறுந்து அடியில் கிடக்கிற ஈயத்தையும் கல் என்று நினைத்து விழுங்கிவிடும். ஒரு துண்டே அதைக் கொல்லப் போதும்.

செந்தில்: ஆன்ட்டி சொல்வது முழு உண்மை. டங்ஸ்டன், தகரம், பிஸ்மத் எல்லாவற்றிலும் ஜிக் வருகிறது. டங்ஸ்டன் விலை அதிகம்தான். ஆனால் ஈயத்தைவிட அடர்த்தி கூட என்பதால் அதே எடைக்குத் தலை இன்னும் சின்னதாக இருக்கும். இந்தச் சின்ன வாய்க்கு அது வசதி. அறுந்த ரப்பரையும் தண்ணீரில் போடக் கூடாது. மக்காது, மீன் விழுங்கினால் வயிற்றில் அடைத்துக்கொள்ளும். பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

மீனாட்சி ஆன்ட்டி: நன்றி தம்பி. மண்புழுவும் அப்படித்தான். மினசோட்டாக் காட்டுக்கு மண்புழு சொந்தமில்லை, எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. மிச்சப் புழுவைக் கரையில் கொட்டினால் காட்டுத் தரையின் இலைச்சருகு எல்லாம் காலி. அத்தை சொன்னது நல்லதாகப் போயிற்று, கவிதா.

கவிதா: அத்தையிடம் படித்துக் காட்டினேன். சந்தோஷப்பட்டார்கள் 😊 உரிமம் வேண்டுமா?

அருண்: 16 வயது ஆனவர்களுக்கு வேண்டும். ஆதிக்குத் தேவையில்லை. நீங்களோ மாமாவோ தூண்டில் போட்டால் எடுக்க வேண்டும். ஆன்லைனில் கிடைக்கும்.

சனி

கவிதா: ஏரிக்கரை பிரெஞ்சு பார்க் மீன்பிடி மேடையில் இருக்கிறோம். கடிக்கிறது, கடிக்கிறது, ஒன்றும் மாட்டவில்லை. மூன்றாவது ரப்பரும் வால் இல்லாமல் வருகிறது.

செந்தில்: வாலைப் பிடித்து இழுக்கிறது. நகவெட்டியால் ரப்பரை ஓரங்குலத்துக்கு வெட்டிவிடு. வால் முள்ளைத் தாண்டி இத்தனூண்டு நீட்டிக்கொண்டிருந்தால் போதும். ஆதியை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டாம் என்று சொல். ஓரடி இழு, நிறுத்து, மனதுக்குள் பத்து எண்ணு. நிற்கும்போதுதான் கடிக்கும்.

கவிதா: மாட்டிவிட்டது!!!
[படம்]
முதுகு முள் ஆதி கையில் குத்திவிட்டது.

செந்தில்: சபாஷ் ஆதி! 👏 கையை நனைத்துக்கொண்டு, தலைப்பக்கமிருந்து வால் பக்கமாகத் தடவிப் பிடிக்கச் சொல். முதுகு முள்ளெல்லாம் படிந்துவிடும். செவுள் மூடியின் பின்விளிம்பில் கருநீலமாக ஒரு மடல் தெரிகிறதா? புளூகில்தான். மாமாவிடம் குறடு இருந்தால் தூண்டில் முள்ளின் நுனியருகே இருக்கிற குட்டி எதிர்முள்ளை நசுக்கிவிடட்டும், கழற்றுவது சுலபம்.

பாலு மாமா: தம்பி, கரையோரம் தெளிந்த இடத்தில் வட்டவட்டமாகக் குழி தெரிகிறது. ஒவ்வொரு குழி மேலும் ஒரு பெரிய மீன் காவல் நிற்கிறது. அங்கே போட்டால் உடனே கிடைக்குமே?

செந்தில்: கிடைக்கும் மாமா. போட்டால் போட்டதைக் கடிக்கும், அதுதான் எனக்குப் பயம். அவை ஆண் மீன்கள். வாலால் குழி பறித்து, முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் முட்டையை மற்ற மீன்கள் நிமிடத்தில் தின்றுவிடும். அதைவிடப் பெரிய நஷ்டம் பிறகு வரும். பெரிய ஆண்கள் இல்லாத ஏரியில் சின்ன ஆண்கள் வளர்வதை விட்டுவிட்டுச் சீக்கிரமே இனப்பெருக்கத்துக்கு வந்துவிடும். சில வருடத்தில் ஏரி முழுக்க விரல் நீள மீன்தான் மிஞ்சும். இந்த ஊர்க் குளிரில் புளூகில் எட்டு அங்குலம் வளரப் பல வருடம் ஆகும்.

செந்தில்: மாநிலப் பொதுக்கணக்கு ஒரு நாளைக்கு ஆளுக்கு 20 சன்ஃபிஷ். புளூகிலும் அதில் அடக்கம். பெரிய மீன்களைக் காப்பாற்றவென்றே 2021இலிருந்து பல ஏரிகளில் அதை 5, 10 என்று குறைத்திருக்கிறார்கள். படகுத்துறைப் பலகையைப் பார்த்துவிடுங்கள். ஆனால் பலகை என்ன சொன்னாலும், குழி மேல் நிற்கிற பெரியவனை விட்டுவிடுங்கள் மாமா. இது என் வேண்டுகோள்.

பாலு மாமா: முட்டை மேல் நிற்கிறதை எப்படியப்பா எடுப்பது? விட்டாயிற்று. ஆறேழு அங்குலத்தில் நாலு மட்டும் எடுத்துக்கொள்கிறோம். செதில் சுரண்டி, இரண்டு பக்கமும் கீறி, மிளகாய் மஞ்சள் தடவி முழுசாக வறுத்தால் போதும்.

செந்தில்: அந்த அளவுதான் ருசியும் மாமா. எந்த ஏரி மீனை எவ்வளவு சாப்பிடலாம் என்று சுகாதாரத் துறை பட்டியல் வைத்திருக்கிறது, கவிதா அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

கவிதா: பார்க்கிறேன் அண்ணா. மிச்ச ரப்பரை எல்லாம் ஒரே டப்பாவில் போடலாமா?

செந்தில்: வேண்டாம். நிறம் ஒன்றோடொன்று ஏறிவிடும். எலாஸ்டெக் என்று எழுதிய வகை மற்ற ரப்பரோடு பட்டால் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். வந்த பையிலேயே வை. கல்ப் என்று சாற்றில் ஊறவைத்து வருகிற வகையாக இருந்தால் அதன் சாறோடு இறுக்கி மூடு, காய்ந்தால் கல்லாகிவிடும். காரில் வெயிலில் விடாதே.

அருண்: கிராப்பி ஒன்றும் வரவில்லையே?

செந்தில்: முட்டையிட்டு முடித்துப் பாசி விளிம்புக்குப் போயிருக்கும். இருட்டும்போதுதான் மேலே வரும். நாளைச் சாயங்காலம் எட்டு மணிக்கு மேடைக்கு வாருங்கள். கிராப்பிக்கென்று வெள்ளையும் வெளிர் பச்சையும் இரண்டு அங்குல ரப்பரில் கொண்டுவருகிறேன். தக்கையை ஜிக்குக்கு ஆறடி மேலே வைத்து ஆரம்பிப்போம், கடிக்காவிட்டால் ஜிக்கை இன்னும் மேலே ஏற்றிக்கொள்ளலாம்.

பாலு மாமா: நான் ஏழரைக்கே வந்துவிடுகிறேன்.