மாவுக்கட்டோடு அப்பா, ஐந்து பேருக்கு ஐந்து ரசனை: என்ன படம் போடலாம்?

மன்னைவாசி

அப்பா போன வாரம் கொல்லைப் படியில் வழுக்கி விழுந்து வலது கால் எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. படுத்தபடியே பார்க்கட்டும் என்று கூடத்து டிவியை அவர் அறைக்கு மாற்றினோம். அன்று முதல் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வீடே அந்த அறையில்தான் கூடுகிறது. சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

அப்பாவுக்குக் கொலை, துப்பறிதல் வேண்டும். அம்மாவுக்கு சிவாஜி இருந்தால் போதும், கொஞ்சம் அழவும் வைத்தால் இன்னும் நல்லது. மனைவிக்குச் சிரிக்க வேண்டும். ஒன்பதாவது படிக்கும் பையனுக்குப் பேய். நான் எதைப் போட்டாலும் இடைவேளைக்குள் தூங்கிவிடுவேன். முந்தாநாள் புதுப்படம் ஒன்று போட்டேன். ஐந்தாவது நிமிடம் கெட்ட வார்த்தை ஆரம்பித்தது, அம்மா பால் காய்ச்சப் போகிறேன் என்று எழுந்து போனவர் திரும்பி வரவே இல்லை.

வகைக்கு ஒன்றாக உங்களுக்குப் பிடித்த படத்தைச் சொல்லுங்கள். வெறும் பட்டியல் வேண்டாம், ஏன் பிடிக்கும் என்றும் சொல்ல வேண்டும்.

இடைவேளை முறுக்கு

மைக்கேல் மதன காமராஜன். வேறு எதுவும் வேண்டாம். ஏன் என்று விளக்க வேண்டிய நிலையில் தமிழ்நாடு இல்லை.

மன்னைவாசி

பதினைந்து தடவை பார்த்தாயிற்று. பையன் வசனத்தை முன்கூட்டியே சொல்கிறான்.

பழைய கேசட் கடை

தம்பி, 1987 முதல் பத்து வருடம் மாயவரத்தில் வீடியோ கேசட் கடை வைத்திருந்தவன் நான். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் சோறு சாப்பிட்டேன். கல்யாண வீட்டுக்கு டிவி, டெக், மூன்று கேசட் வாடகைக்கு அனுப்புவோம். எந்தப் படம் என்பதை விட எந்த நேரத்துக்கு எந்தப் படம் என்பதுதான் முக்கியம். எட்டு மணிக்குச் சாமி படம், பாட்டிகள் முன்வரிசை. பதினொரு மணிக்குச் சிரிப்புப் படம், பெண்கள் காய் நறுக்கிக்கொண்டே பார்ப்பார்கள். ஒரு மணிக்கு மேல் விழித்திருப்பவன் சமையல்காரனும் மாப்பிள்ளையின் நண்பர்களும்தான், அப்போது சண்டைப் படம். வரிசை மாறினால் மறுநாள் என்னைத்தான் திட்டுவார்கள்.

இன்னொரு ரகசியமும் சொல்கிறேன். ஜனங்களுக்கு எந்தப் படம் பிடிக்கும் என்று அவர்கள் வாயைக் கேட்கக் கூடாது, கேசட்டைத்தான் கேட்க வேண்டும். திரும்பத் திரும்ப ரீவைண்ட் செய்து பார்த்த இடத்தில் டேப் தேய்ந்து திரையில் கோடு கோடாக ஓடும். 1964இல் ஸ்ரீதர் எடுத்த காதலிக்க நேரமில்லை கேசட்டை என் கடையில் மூன்று முறை மாற்றினேன். மூன்றிலும் ஒரே இடத்தில்தான் கோடு. படம் எடுக்கப் பணம் கேட்கும் மகன் நாகேஷ், அப்பா பாலையாவுக்குக் கதை சொல்லும் இடம். எல்லாரும் நாகேஷைச் சொல்வார்கள். நீங்கள் பாலையாவை மட்டும் பாருங்கள். பேசுவதெல்லாம் நாகேஷ், பயப்படுவது மட்டும்தான் அவர் வேலை. கதவு கிறீச்சிடும் சத்தத்துக்கு அந்த முகம் போகிற போக்கைப் பார்த்துத்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது. பையனுக்கு வேண்டிய பேயும் அதிலேயே வந்துவிட்டது, கணக்கு சரி.

அம்மாவுக்குத் தில்லானா மோகனாம்பாள், 1968. எங்கள் தெருவில் ஒரு நாதஸ்வர வித்வான் இருந்தார். அந்தக் கேசட்டை வாரம் ஒரு தடவை எடுத்துப்போய், வாசிக்கும் இடங்களில் நிறுத்தி நிறுத்தி சிவாஜியின் விரலைப் பார்ப்பார். வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜி விரலை மட்டும்தான் ஓட்டுகிறார் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் எங்காவது தப்பு கண்டுபிடிக்க வேண்டும் என்று தேடினார். கடைசியில், விரல் இருக்கட்டும், ஊதும்போது கன்னத்தையும் கழுத்தையும் பார்த்தாயா என்று கேட்டுவிட்டுக் கேசட்டைத் திருப்பிக் கொடுத்தார். நான் அதில் பார்ப்பது பக்கத்தில் தவிலோடு உட்கார்ந்திருக்கும் பாலையாவை.

சாமி படம் என்றால் 1965 திருவிளையாடல். சிவாஜிதான் சிவன், ஆனால் ஹேமநாத பாகவதராக வரும் பாலையா இல்லாவிட்டால் அந்தப் பாட்டுப் போட்டிக்கு உப்பே இல்லை. ‘ஒருநாள் போதுமா’ என்று சபையில் திமிராகப் பாடிவிட்டு, ராத்திரி விறகுவெட்டியின் பாட்டைக் கேட்கிறார். அதைப் பாடியவன் இந்த ஊர் வித்வான் வேண்டாம் என்று ஒதுக்கிய ஆள் என்று தெரியும்போது அவர் முகத்திலிருந்து கர்வம் இறங்குகிறதே, அந்த அரை நிமிடத்துக்காகவே படத்தைப் போடலாம். நாகேஷின் தருமி உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும், அதனால் விட்டுவிடுகிறேன்.

அப்பாவுக்கு அந்த நாள், 1954. வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது. பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, சண்டை கிடையாது. படம் ஆரம்பித்ததுமே சிவாஜி சுடப்பட்டுச் செத்து விழுவார். அப்புறம் ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட 1943தான் பின்னணி. என் கடையில் இதை வாங்கிப்போன ஒருவர் மறுநாள் சண்டைக்கே வந்துவிட்டார்: “பாட்டையெல்லாம் வெட்டிவிட்டு முழு வாடகை வாங்குகிறீரே!” இல்லாத பாட்டை நான் எங்கே போய் ஒட்டுவது?

இடைவேளை முறுக்கு

ஐயா, வகைக்கு ஒன்று கேட்டால் நீங்கள் பாலையாவுக்கு ஒன்று சொல்கிறீர்கள்.

பழைய கேசட் கடை

அந்த நாளில் அவர் இல்லையே. சரி, நீங்கள் சொன்னதால் இன்னொன்று: பாமா விஜயம், 1967. பக்கத்து வீட்டுக்கு ஒரு நடிகை குடிவருகிறாள். அவள் முன்னால் பணக்காரர்களாகக் காட்டிக்கொள்ள மூன்று மருமகள்களும் கடன் வாங்கிப் பொருளாகக் குவிக்கிறார்கள். மாமனார் யார் என்று நான் சொல்லப்போவதில்லை.

ஒன்பதாம் மாடி

பையனுக்கு நிஜமான பேய்ப்படம் வேண்டும் என்றால் யாவரும் நலம், 2009. ரத்தம் குறைவு, பயம் அதிகம், ஆபாசம் கிடையாது. புது ஃபிளாட்டுக்குக் குடிவரும் குடும்பம், மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு சீரியல். சீரியலில் நடப்பது இவர்கள் வீட்டிலும் நடக்க ஆரம்பிக்கும். மாதவனுக்கு மட்டும் லிஃப்ட் வேலை செய்யாது. நாங்களும் அப்போதுதான் ஃபிளாட்டுக்கு வந்திருந்தோம். படம் பார்த்த மறுநாள் காலையில் லிஃப்ட் நின்றுவிட்டது, ஒன்பது மாடியும் படியிறங்கினேன். என் மாமியார் பத்து நாள் சீரியல் பக்கமே போகவில்லை. அந்தப் பத்து நாளுக்காகவே இந்தப் படத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

செங்கல் சூளை

யாரும் வீடு படத்தைச் சொல்லவில்லையே? 1988, பாலு மகேந்திரா. வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி ஒரு சின்ன வீடு கட்டப் படும் பாடு. கான்ட்ராக்டர் சிமெண்டைத் திருடி விற்கும் இடம் வந்ததும், அப்போது வீடு கட்டிக்கொண்டிருந்த என் அண்ணன் எழுந்து நேராகச் சைட்டுக்குப் போய் மூட்டை எண்ணிவிட்டு வந்தார். இரண்டு மூட்டை குறைந்தது.

ஆனால் மன்னைவாசி, இப்போது போடாதீர்கள். சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, பாதி கட்டிய வீட்டைப் பார்க்கக் குடையோடு தனியாகக் கிளம்பி வருவார். அதற்கு அப்புறம் நடப்பதைப் படுத்திருக்கும் பெரியவர் பார்க்க வேண்டாம்.

மன்னைவாசி

எல்லாருக்கும் நன்றி. இதுவரை நான்கு ராத்திரி ஓடியிருக்கிறது.

அந்த நாள் வெளியான வருடம்தான் அப்பா பிறந்திருக்கிறார், அதனாலேயே தனி மரியாதையோடு பார்த்தார். பாதிப் படத்திலேயே இன்னார்தான் கொலைகாரன் என்று அடித்துச் சொன்னார். தப்பு. இரண்டு நாளாக அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அம்மா மூன்று தடவை பாட்டு எப்போது வரும் என்று கேட்டார். கேசட் கடை ஐயா, உங்களை நினைத்துக்கொண்டேன். யாவரும் நலத்துக்குப் பையன் அசரவில்லை, நான்தான் தூங்கவில்லை. காதலிக்க நேரமில்லைக்கு அப்பா சிரித்த சிரிப்பில் கட்டுக்குள் கால் அசைந்து வலி வந்துவிட்டது, நாகேஷ் காட்சியை நிறுத்தி அவரைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டோம்.

திருவிளையாடலும் முடிந்ததும் பையன் ஒரு கேள்வி கேட்டான்: இந்தத் தாத்தா வில்லனாக நடித்த படம் ஏதாவது இருக்கிறதா?

பழைய கேசட் கடை

பையனைக் கொஞ்சம் கொஞ்சமாக நம் பக்கம் கொண்டுவந்துவிட்டீர்கள். 1956, மதுரை வீரன். எம்.ஜி.ஆருக்கு எதிராக நரசப்பன். முதல் காட்சியிலிருந்தே பையனுக்குப் பிடிக்கும்.

ஒன்று மட்டும். முடிவில் மாறுகால் மாறுகை வாங்குவார்கள். கட்டுப் பிரித்த பிறகு போடுங்கள்.