ஸ்பின்–ஆர்பிட் கப்ளிங்: 'தற்சுழல்–இயக்கத் தளை' என்று சொல்லலாமா?

அன்பர்களே, வணக்கம்.

எலக்ட்ரானின் தற்சுழற்சியும் (ஸ்பின்) அதன் இயக்கமும் ஒன்றையொன்று பாதிப்பதை ஸ்பின்–ஆர்பிட் கப்ளிங் என்கிறார்கள். அதற்கு 'தற்சுழற்சி–சுற்றுப்பாதை இணைப்பு' என்ற பரிந்துரையைப் படித்தேன். அணுவைப் பற்றி மட்டும் எழுதுவதாக இருந்தால் அது போதும். நான் எழுதிக்கொண்டிருப்பது குறுகிய ஆற்றல் இடைவெளி கொண்ட குறைகடத்திகளில் அமைக்கும் குவாண்டம் கிணறுகளைப் பற்றி. அங்கே 'சுற்றுப்பாதை' என்றதும் வாசகர் மனத்தில் தவறான படம் விழுந்துவிடுகிறது.

இண்டியம் ஆன்டிமனைடையோ இண்டியம் ஆர்சனைடையோ பத்து இருபது நானோமீட்டர் தடிமனில் வேறு இரண்டு அடுக்குகளுக்கு நடுவே வளர்க்கிறோம். எலக்ட்ரான் அதற்குள் அடைபட்டுவிடும். மேலேயும் கீழேயும் போக முடியாது, பக்கவாட்டில் தாராளமாக ஓடலாம். அது எந்தக் கருவையும் சுற்றி வரவில்லை. கிணற்றின் இரு கரைகளும் ஒரே மாதிரி இல்லையென்றால் குறுக்கே ஒரு மின்புலம் நிற்கும். ஓடும் எலக்ட்ரான் அதைக் காந்தப்புலம் போல உணரும். ஓடும் திசை திரும்பினால் அந்தப் புலமும் திரும்பும். பிச்கோவும் ராஷ்பாவும் 1984இல் இரு பரிமாண எலக்ட்ரான்களுக்குச் சொன்னது இதைத்தான். ஆகவே தற்சுழற்சி கட்டுண்டு கிடப்பது பாதையோடு அல்ல, இயக்கத்தோடு.

ஒரு மறுப்பு வரும், அது நியாயமானதும்கூட. இந்த விளைவின் வலிமை, உள்ளிருக்கும் கனமான அணுக்களின் ஆர்பிட்டால்களிலிருந்துதான் (கருவைச் சுற்றி எலக்ட்ரான் பரவியிருக்கும் நிலைகள்) வருகிறது. அறை வெப்பநிலையில் காலியம் ஆர்சனைடின் இடைவெளி 1.42 எலக்ட்ரான்வோல்ட், இண்டியம் ஆன்டிமனைடுக்கு வெறும் 0.17. இடைவெளி குறுகக் குறுகக் கடத்துப் பட்டையில் (எலக்ட்ரான் ஓடும் ஆற்றல் பட்டை) இணைதிறன் பட்டையின் (இடைவெளிக்குக் கீழே நிறைந்திருக்கும் பட்டை) சாயல் கூடுகிறது, அதோடு அந்த அணுக்களின் விளைவும் மேலே ஏறி வந்துவிடுகிறது. உண்மைதான். ஆனால் 'இயக்கம்' என்ற சொல் இதையும் தாங்கும். கருவைச் சுற்றுவதும் இயக்கம்தானே. 'ஓட்டம்' என்று முதலில் எழுதிப் பார்த்தேன். மின்னோட்டத்தோடு குழம்பும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து 'கப்ளிங்'. 'பிணைப்பு' வேதியியலுக்குப் போய்விட்டது. 'இணைப்பு' என்றால் கம்பி நினைவுக்கு வருகிறது. எனக்குப் பிடித்தது 'தளை'. விலங்கு என்ற பொருளில் சொல்லவில்லை, யாப்பில் வரும் தளை. வெண்பாவில் மாமுன் நிரை, விளமுன் நேர். நின்ற சீர் எப்படி முடிந்ததோ, வரும் சீர் அதற்கேற்பத் தொடங்கியாக வேண்டும். கிணற்று எலக்ட்ரானும் அப்படியே: எந்தத் திசையில் ஓடுகிறதோ, தற்சுழற்சி அதற்குச் செங்குத்தாக நிற்கும்; ஓட்டம் தலைகீழானால் தற்சுழற்சியும் தலைகீழ். இவ்வளவு பொருத்தமான சொல் நம் கையில் இருக்கும்போது 'இணைப்பு' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

இனி அளவீட்டுச் சொற்கள். காந்தப்புலத்தை ஏற்ற ஏற்ற மின்தடை ஏறி இறங்கும். இவைதான் ஷுப்னிகோவ்–டி ஹாஸ் அலைவுகள். தளையால் எலக்ட்ரான்கள் இரு கூட்டமாகப் பிரிவதால் நெருங்கிய இரண்டு அதிர்வெண்கள் கலந்து, வீச்சு பெருத்தும் சிறுத்தும் வரும். பள்ளிப் பாடத்தில் ஒலிக்குச் சொல்லும் 'விம்மல்' இங்கே அப்படியே பொருந்துகிறது, புதுச்சொல் வேண்டாம். ஆனால் விம்மலைக் கண்டதும் தளை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இரண்டாவது துணைப்பட்டையில் (கிணற்றுக்குள் அடுத்த ஆற்றல் படி) எலக்ட்ரான் ஏறியிருந்தாலும், எலக்ட்ரான் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறினாலும் விம்மல் வரும்.

சிக்கல் 'வீக் ஆன்டிலோக்கலைசேஷன்' என்ற விளைவுக்குப் பெயர் வைப்பதில்தான். எலக்ட்ரான் அலை ஒரு வளையத்தை இரு திசையிலும் சுற்றித் தொடங்கிய இடத்துக்கு வருகிறது. தளை இல்லையென்றால் இரு அலைகளும் கூடும், அதாவது திரும்பி வருவது மிகும், தடையும் ஏறும். தளை வலுவாக இருந்தால் தற்சுழற்சி வழியில் திரும்பித் திரும்பி, இரு அலைகளும் ஒன்றையொன்று குறைத்துவிடும். முழுச் சுற்று சுழன்றால் எலக்ட்ரானின் குறி மாறுவதுதான் காரணம். காந்தப்புலத்துக்கு எதிரே தடையை வரைந்தால் இது கண்ணுக்கே தெரியும்: காந்தப்புலம் சுழியாக இருக்கும் இடத்தில் கூரான ஒரு சின்னப் பள்ளம். சில மில்லிடெஸ்லா கொடுத்தாலே இருபுறமும் தோள் போல உயர்ந்து, பிறகு சரியும். அந்தத் தோள்களின் இடத்தை வைத்துத் தளையின் வலிமையைக் கணக்கிடலாம். இதற்கு 'எதிர் ஓரிடப்படுத்தல்' என்று எழுதினால் யாருக்கு என்ன புரியும்? திரும்பி வருவது மிகுந்தால் 'மீள்மிகை', குறைந்தால் 'மீள்குறை' என்கிறேன். ஆண்டர்சன் லோக்கலைசேஷனோடு (ஒழுங்கற்ற பொருளில் எலக்ட்ரான் அலை ஓரிடத்திலேயே சிக்கிக்கொள்வது) உள்ள சொல்லுறவு இதில் அறுந்துபோகிறது. அந்தக் குறை எனக்கும் உறுத்துகிறது. இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

அப்புறம், தற்சுழற்சியைக் 'கறங்கு' என்று சொல்லலாமே என்பவர்களுக்கு: அழகான பழஞ்சொல், ஆனால் தற்சுழற்சி ஏற்கெனவே பாடநூலில் இருக்கிறது. கூட்டுச்சொல்லில் மட்டும் 'தற்சுழல்' என்று சுருக்கினால் போதும். கட்டுரையில் இப்போதைக்குத் 'தற்சுழல்–இயக்கத் தளை', அதன் அளவுக்கு 'ராஷ்பா தளைக்குணகம்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.