அக்கா பசங்கள பாத்துக்கப் போறேன், ஆஸ்பத்திரில நான் கையெழுத்து போடலாமா?

தேன்சிட்டு:
அக்காவும் மாமாவும் வேலை விஷயமா ஒரு மாசம் வெளிநாடு போறாங்க, பசங்க ரெண்டு பேரும் என்கிட்டதான். சின்னவளுக்கு வீசிங் இருக்கு, பென்சிலினும் ஒத்துக்காது, எனக்கு இப்பவே வயித்த கலக்குது. திடீர்னு அட்மிட் பண்ணணும்னா சித்தி நான் கன்சென்ட் ஃபார்ம்ல சைன் பண்ணா ஏத்துப்பாங்களா, இல்ல பெத்தவங்க வரட்டும்னு உக்கார வச்சிடுவாங்களா?

வெண்பனி:
அம்மான்னு சொல்லி போட்டுடுங்க, யாரு செக் பண்ணப் போறா.

வார்டுநர்ஸ்:
அத மட்டும் தயவுசெஞ்சு செய்யாதீங்க. நான் குழந்தைங்க வார்டுல இருக்கேன், மயக்க மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி குடும்பத்துல யாருக்காவது அது ஒத்துக்காம போயிருக்கான்னு கேப்போம், நீங்க அம்மான்னு சொல்லிட்டா உங்க வாய்ல வர்றத நம்பித்தான் அடுத்தது நடக்கும். சித்தின்னே சொல்லுங்க. உயிருக்கு ஆபத்துன்னா கையெழுத்துக்காக காத்துட்டு இருக்க மாட்டாங்க, மூச்சு திணறி வந்தா ஆக்சிஜன், நெபுலைசர் போட்டுட்டேதான் பெத்தவங்கள போன்ல பிடிப்பாங்க.

சிக்கல் எங்க வரும்னா, கை எலும்பு முறிஞ்சிருக்கு, ஆபரேஷன் வேணும், ஆனா சில மணி நேரம் பொறுக்கலாம்ங்கற மாதிரி கேஸ்லதான். அதுக்குதான் கிளம்பறதுக்கு முன்னாடியே லெட்டர் வாங்கி வைங்க, ரெண்டு பேர் சைனும், சாட்சி சைனும், எந்த தேதிலேர்ந்து எது வரைக்கும், எதுக்கெல்லாம் நீங்க சம்மதம் சொல்லலாம், எதுக்கு அவங்கள கேட்டே ஆகணும்னு தெளிவா இருக்கணும். சட்டம் ஊருக்கு ஊர் மாறும், அதனால நீங்க போகப்போற ஆஸ்பத்திரிலயே அந்த லெட்டர் போதுமா, நோட்டரி வேணுமான்னு கேட்டுக்கோங்க. போன்லயே பெத்தவங்க சம்மதத்த ரெண்டு ஸ்டாஃப் கேட்டு எழுதி வச்சுக்கற வழக்கமும் நிறைய இடத்துல உண்டு, அதனால அங்க ராத்திரியா இருந்தாலும் போன சைலன்ட்ல போட வேண்டாம்னு அக்காகிட்ட சொல்லிடுங்க.

நிலாமுற்றம்:
லெட்டரோட இன்னொரு பேப்பரும் வைங்க தேன்சிட்டு, சின்னவளோட இன்ஹேலர் பேரு, எத்தன பஃப், பென்சிலின் அலர்ஜி (அமாக்ஸிசிலினும் அதே குடும்பம்தான், அதையும் சேத்து எழுதுங்க), பாக்கற டாக்டர் நம்பர், அப்புறம் வெயிட். பாராசிட்டமால்கூட குழந்தைங்களுக்கு கிலோ கணக்குலதான் குடுப்பாங்க. தடுப்பூசி மாதிரி அவசரமில்லாதது எதுவா இருந்தாலும் அவங்க வந்தப்புறம் பாத்துக்கலாம். பெரியவனுக்கு விவரம் தெரியற வயசுன்னா அவன்கிட்டயும் சொல்லிட்டே செய்யுங்க, அவன் உடம்பு அது.

தேன்சிட்டு:
ரொம்ப நன்றி அக்கா, இன்னைக்கே எழுத சொல்றேன். ஸ்கூலுக்கும் ஒரு காப்பி குடுக்கணுமா?

வார்டுநர்ஸ்:
கண்டிப்பா. அங்க மயங்கி விழுந்தா ஸ்கூல்லேர்ந்து யாருக்கு போன் வரணும்னு உங்க நம்பரையும் சேத்து குடுத்துடுங்க, ஒரு இன்ஹேலரும் அங்கயே இருக்கட்டும்.