முதல் விண்ணப்பம் நிராகரிப்பு: சோஷியல் செக்யூரிட்டி டிஸபிலிட்டி அப்பீலுக்கு எவ்வளவு காலம் ஆகும்?

தும்பை:

வணக்கம். அமெரிக்காவில் இருக்கிறோம். கணவருக்கு வயது 47, கிரீன் கார்டு, சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. முதுகுத்தண்டில் இரண்டு ஆபரேஷன் ஆகியும் வலி விடவில்லை. 2024 ஆகஸ்ட் 14-உடன் வேலை நின்றது. 2025 ஜனவரியில் சோஷியல் செக்யூரிட்டி டிஸபிலிட்டிக்கு (உடல்நிலையால் வேலை செய்ய இயலாதவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் மாதத் தொகை) விண்ணப்பித்தோம். செப்டம்பர் 8 தேதியிட்ட கடிதத்தில் மறுத்துவிட்டார்கள். அப்பீல் என்றால் ஒரு வருடம், மூன்று வருடம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். புதிதாக விண்ணப்பித்தால் சீக்கிரம் முடியுமா? எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு நாள் ஆகும், அதுவரை நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

வேம்பு:

முதல்ல காலண்டர்ல நவம்பர் 12-ஐ வட்டம் போடுங்க. கடிதத் தேதியில இருந்து தபாலுக்கு 5 நாள், அதுக்கு மேல 60 நாள். அதுதான் கெடு. ஆனா கடைசி நாள் வரைக்கும் வெச்சுக்காதீங்க, இந்த வாரமே ஆன்லைன்ல போட்டுடுங்க. இந்தக் கட்டத்துக்கு ரீகன்சிடரேஷன், அதாவது மறுபரிசீலனைன்னு பேரு. எஸ்எஸ்ஏ-561 கோரிக்கை, எஸ்எஸ்ஏ-3441 அப்பீல் அறிக்கை, எஸ்எஸ்ஏ-827 மெடிக்கல் ரெக்கார்டு சம்மதம், இந்த மூணு படிவமும் போகணும்.

புது விண்ணப்பம் வேண்டாம். அப்பீல் பண்ணாம விட்டா பழைய மறுப்பு இறுதியாயிடும். அப்புறம் புது விண்ணப்பத்துல ஜெயிச்சாலும், பழைய முடிவைத் திரும்பத் திறக்க அவங்க ஒத்துக்கிட்டாத்தான் செப்டம்பர் 8-க்கு முந்தின மாசங்களுக்குப் பணம். இல்லேன்னா அத்தனை மாசமும் போச்சு. போதாததுக்கு, மறுபடி அதே முதல் வரிசையோட கடைசியில போய் நிக்கணும்.

நொச்சி:

வேம்பு சொன்னது சரி. கால அளவை விவரமாகச் சொல்கிறேன், சகோதரி.

முதல் விண்ணப்பத்துக்கு உங்களுக்கு எட்டு மாதம் ஆனது. இப்போதெல்லாம் அதுதான் வழக்கம். ரீகன்சிடரேஷனுக்கு ஆறிலிருந்து எட்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் விண்ணப்பத்தைப் பார்த்த அதே மாநில அலுவலகம்தான் இதையும் பார்க்கும், டிடிஎஸ் என்பார்கள். ஆனால் முதலில் பார்த்த அதிகாரியும் மருத்துவரும் இல்லாமல் வேறு ஆட்கள் பார்ப்பார்கள். இதில் பத்தில் எட்டுக்கு மேல் மறுபடி மறுப்புதான். அந்தக் கடிதம் வந்தாலும் மனம் தளராதீர்கள். அடுத்த 60 நாளுக்குள் எச்ஏ-501 படிவம் போட்டு ஜட்ஜ் முன் ஹியரிங் (நேர் விசாரணை) கேட்க வேண்டும். ஹியரிங் முடிந்து முடிவு கைக்கு வர எட்டிலிருந்து பன்னிரண்டு மாதம். இது ஊருக்கு ஊர் மாறும். பாதிக்குக் கிட்டத்தட்ட வழக்குகள் ஜெயிப்பது இந்தக் கட்டத்தில்தான். ஆக, இன்றிலிருந்து ஒன்றரை வருடம் என்று வீட்டுக் கணக்கைத் திட்டமிடுங்கள். ஜட்ஜும் மறுத்தால் அப்பீல்ஸ் கவுன்சில், பிறகு ஃபெடரல் கோர்ட். ஒவ்வொன்றும் தனியே பல மாதங்களை விழுங்கும்.

இழுத்தடிக்கப்படும் இந்த மாதங்களுக்கான பணம் போய்விடாது. வேலை நின்ற பிறகு முழுதாக ஐந்து மாதம் கழிய வேண்டும் என்பது விதி. உங்களுக்கு 2024 செப்டம்பர் முதல் 2025 ஜனவரி வரை அந்த ஐந்து. வேலை நின்ற தேதியை அவர்கள் ஏற்றுக்கொண்டால் உரிமை 2025 பிப்ரவரியில் தொடங்குகிறது. முடிவு 2027-ல் வந்தாலும் பிப்ரவரி 2025-லிருந்து கணக்குப் போட்டு மொத்தமாகத் தருவார்கள். மெடிகேரும் (அரசு மருத்துவக் காப்பீடு) அதே மாதத்திலிருந்து 24 மாதம் எண்ணி 2027 பிப்ரவரியில் தொடங்கும்; முடிவு வந்த தேதியிலிருந்து எண்ண மாட்டார்கள்.

தும்பை:

மிக்க நன்றி. இன்றே அப்பீல் போட உட்காருகிறேன். கடிதத்தில் 'உங்கள் நிலைமை கடுமையானதே, ஆனால் முன்பு செய்த வேலையைத் தொடர முடியும்' என்ற பொருளில் எழுதியிருக்கிறார்கள். இரண்டு ஆபரேஷன் ரிப்போர்ட்டையும் கொடுத்த பிறகும் ஏன் இப்படி?

நொச்சி:

கம்ப்யூட்டர் வேலைக்காரர்களின் விண்ணப்பம் அடிபடும் இடமே இதுதான். அவர்கள் பார்க்கும் கேள்வி 'என்ன நோய்' என்பதல்ல, 'என்ன வேலை செய்ய முடியும்' என்பது. கடந்த ஐந்து வருடத்தில் செய்த வேலையைத் திரும்பச் செய்ய முடியுமா என்று முதலில் பார்ப்பார்கள். டெஸ்டிங் உட்கார்ந்து செய்யும் வேலை. எட்டு மணி நேரத்தில் சுமார் ஆறு மணி நேரம் உட்கார முடியும், பத்து பவுண்டு தூக்க முடியும் என்று அவர்களுடைய மருத்துவர் எழுதினால் முடிந்தது கதை. எம்ஆர்ஐ எவ்வளவு மோசமாக இருந்தாலும், அதில் 'இவரால் எத்தனை நிமிடம் உட்கார முடியும்' என்று ஒரு வரியும் இருக்காது.

அதனால் ஃபைலில் இல்லாத அந்த வரியை நீங்கள் சேர்க்க வேண்டும். சிகிச்சை தரும் மருத்துவரிடம் 'வேலை செய்ய இயலாதவர்' என்று கடிதம் வாங்காதீர்கள். அந்த முடிவு சோஷியல் செக்யூரிட்டிக்கு உரியது, மருத்துவர் எழுதினால் அதற்கு மதிப்பே தர மாட்டார்கள். அவர் எழுத வேண்டியவை வேறு. ஒரே மூச்சில் எத்தனை நிமிடம் உட்கார முடியும், ஒரு நாளில் மொத்தம் எத்தனை மணி நேரம், நடுவில் எத்தனை முறை எவ்வளவு நேரம் படுக்க வேண்டும், மருந்தால் தூக்கமோ கவனக்குறைவோ உண்டா, மாதத்துக்கு எத்தனை நாள் வேலைக்கு வர இயலாது. ஒவ்வொன்றுக்கும் காரணமாகத் தன் பரிசோதனையில் கண்டதையும் அவர் குறிப்பிட வேண்டும். அவருடைய மாதாந்திரக் குறிப்புகளில் 'நன்றாக இருக்கிறார்' என்று இருந்துவிட்டு, படிவத்தில் மட்டும் 20 நிமிடம் என்று எழுதினால் எடுபடாது. ஆகவே ஒவ்வொரு விசிட்டிலும் கணவர் இதை வாய்விட்டுச் சொல்லட்டும். நம்மவர்கள் டாக்டர் கேட்டதும் 'பரவாயில்லை' என்று சொல்லிவிடுவார்கள். அது அப்படியே ரெக்கார்டில் ஏறும்.

ஹியரிங்கில் வேலைவாய்ப்பு நிபுணர் ஒருவர் இருப்பார். 'ஒரு நாளில் 15 சதவீத நேரம் வேலையில் கவனம் இல்லாதவர், மாதம் இரண்டு நாள் வராதவர், இவருக்கு வேலை கிடைக்குமா' என்று ஜட்ஜ் கேட்டால், பெரும்பாலும் 'கிடைக்காது' என்பார். 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வழக்கு பெரும்பாலும் இந்த ஒரு பதிலில்தான் திரும்புகிறது.

வேம்பு:

அன்றாட வேலைகளைப் பத்திக் கேக்கற ஃபங்க்ஷன் ரிப்போர்ட் படிவமும் (எஸ்எஸ்ஏ-3373) வரும், அதுலயும் இதே கவனம் வேணும். 'சமைப்பீங்களா' என்ற கேள்விக்கு வெறும் 'ஆமா'ன்னு எழுதினா, எட்டு மணி நேரம் நிக்க முடியும்ங்கற மாதிரி எடுத்துப்பாங்க. 'வாரம் இரண்டு முறை, குக்கர் வைக்கற அளவுக்கு, பத்து நிமிஷம் நின்னா அரை மணி நேரம் படுக்கணும், காய் நறுக்கறது மனைவி' என்று எழுதுங்க. உள்ளதைக் கூட்டாம, குறைக்காம எழுதினாலே போதும்.

தாமதத்துக்கு முக்கால்வாசிக் காரணம் மெடிக்கல் ரெக்கார்டு. டிடிஎஸ் ஆஸ்பத்திரிக்கு எழுதும், 10-லிருந்து 20 நாள் கழிச்சு நினைவூட்டும், மறுபடி குறைஞ்சது 10 நாள் காத்திருக்கும். வரலேன்னா அவங்க செலவுல ஒரு டாக்டர்கிட்ட பரிசோதனைக்கு அனுப்புவாங்க. அந்த அப்பாயின்ட்மென்டைத் தவற விட்டா, அதையே காரணமா வெச்சு மறுக்கலாம். நீங்களே பேஷன்ட் போர்ட்டல்ல இருந்து விசிட் குறிப்பு, ஆபரேஷன் ரிப்போர்ட், பிசியோதெரபி குறிப்பு எல்லாத்தையும் இறக்கி அப்பீலோட ஏத்திடுங்க. இந்த ஒரு வேலையில பல வாரம் மிச்சம்.

எருக்கு:

இடையில் ஒரு கேள்வி. இந்தியாவில் 15 வருடம் வேலை செய்துவிட்டு வந்தவர்களுக்கு அந்த வருடங்கள் இந்தத் தொகைக்கான தகுதிக் கணக்கில் சேருமா?

நொச்சி:

சேராது. இரு நாட்டு வேலை வருடங்களையும் சேர்த்து எண்ணும் ஒப்பந்தம் இந்தியாவுடன் அமெரிக்காவுக்கு இல்லை. இங்கே வரி கட்டிய வருடம் மட்டும்தான். அந்த வேலையை கிரெடிட் என்ற புள்ளிகளாக எண்ணுவார்கள், வருடத்துக்கு அதிகபட்சம் நான்கு கிரெடிட். 31-லிருந்து 42 வயது வரை 20 கிரெடிட், 46 வயதில் 24, 50 வயதில் 28 வேண்டும். அதோடு, கடைசிப் பத்து வருடத்தில் ஐந்து வருட வேலைக்கான 20 கிரெடிட் இருக்க வேண்டும். வேலை நின்றபின் இந்தத் தகுதிக்குக் காலாவதித் தேதி உண்டு. தும்பை வீட்டில் 2020 முதல் 2024 வரை விடாமல் கிரெடிட் இருந்தால் அது 2029 டிசம்பர் 31 வரை நிற்கும். ஆன்லைன் கணக்கில் வருமான விவரத்தைத் திறந்து ஒருமுறை சரிபாருங்கள்.

தும்பை:

அப்பீல் போட்டுவிட்டேன். வக்கீல் இப்போதே வேண்டுமா? சேமிப்பும் கரைகிறது, விரைவுபடுத்த வழி உண்டா?

வேம்பு:

ஹியரிங்குக்கு முன்னாடி கட்டாயம் ஆள் வெச்சுக்கோங்க, இப்பவே வெச்சாலும் நல்லது. முன்பணம் கிடையாது. வழக்கமான ஒப்பந்தத்துல, ஜெயிச்சா பின்தொகையில (முந்தின மாசங்களுக்கு மொத்தமா தர்ற பணம்) 25 சதவீதம், உச்சவரம்பு 2025-ல 9,200 டாலர். 30,000 வந்தா 7,500 போகும்; 50,000 வந்தாலும் 9,200-க்கு மேல போகாது. ரெக்கார்டு வாங்கற செலவைத் தனியா கேப்பாங்க, ஒப்பந்தத்துல பாத்துக் கையெழுத்துப் போடுங்க. ஹியரிங் தேதி 75 நாளுக்கு முன்னாடி தெரியும். ஹியரிங்குக்கு 5 வேலை நாளுக்கு முன்னாடியே எல்லா ஆதாரத்தையும் கொடுத்திருக்கணும், இல்லேன்னா எது பாக்கின்னாவது எழுதித் தெரிவிச்சிருக்கணும். இந்த ஒரு விதியில நல்ல கேஸும் கவுந்திருக்கு.

விரைவுக்குச் சும்மா 'கஷ்டம்'னு எழுதினா நகராது. சாப்பாடு, மருந்து, வீடு இதுல ஒண்ணு கையை விட்டுப் போற நிலைமைன்னா, வீட்டைக் காலி பண்ணச் சொன்ன நோட்டீஸ், கரண்ட் கட் நோட்டீஸ் மாதிரி காகிதத்தை இணைச்சு 'டயர் நீட்' (அவசரத் தேவை) கடிதம் கொடுக்கலாம்.

கம்பெனியில லாங் டெர்ம் டிஸபிலிட்டி இன்சூரன்ஸ் இருந்ததான்னும் பாருங்க. சாஃப்ட்வேர் கம்பெனிகள்ல பெரும்பாலும் இருக்கும், பலர் மறந்துடறாங்க. அதுல பணம் வந்தா, பின்னாடி சோஷியல் செக்யூரிட்டி தர்ற பின்தொகையில இன்சூரன்ஸ் கம்பெனி தன் பங்கைத் திருப்பிக் கேக்கும், அதைச் செலவழிச்சுடாதீங்க.

நொச்சி:

அப்பீல் போட்டதற்கான ரசீதுப் பக்கத்தைச் சேமித்துப் பிரின்ட் எடுத்து வையுங்கள். பத்து நாள் கழித்து உள்ளூர் அலுவலகத்துக்கு போன் செய்து, ஃபைல் டிடிஎஸ்-க்குப் போய்விட்டதா, அதிகாரியின் பெயரும் நம்பரும் என்ன என்று கேளுங்கள். அதன்பின் மாதம் ஒருமுறை அந்த அதிகாரியிடமே 'எந்த ரெக்கார்டு இன்னும் வரவில்லை' என்று கேட்டு, அதை நீங்களே ஃபேக்ஸ் செய்யுங்கள். பேசிய தேதி, பேசியவர், சொன்ன பதில் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.