அல்வா அடைத்த டின்: ‘இன்’னை எங்கே வைப்பது?

ஜங்ஷன்காரி:
எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஓர் அல்வாக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வெளிநாட்டுப் பார்சல் ஆரம்பித்ததிலிருந்து இங்கிலீஷ் மெயில் எழுதுவதும் என் தலையில் விழுந்துவிட்டது. ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம்தான்.

போன வாரம் சிங்கப்பூர் வாடிக்கையாளர் ஒருவருக்கு, அல்வா அடைத்த டின் காற்றுப் புகாதது என்று சொல்ல வேண்டியிருந்தது. “தி டின் விச் வி பேக்ட் தி அல்வா இஸ் ஏர்டைட்” என்று எழுதினேன். ‘இன்’ எங்கே என்று கேட்டார் மானேஜர். சரி, “விச் வி பேக்ட் தி அல்வா இன்” என்று பின்னால் சேர்த்தேன். அதற்கும் சிவப்பு மை. ‘இன்’, ‘அட்’ மாதிரியான பிரிபொசிஷனைக் கடைசியில் விடக் கூடாதாம். அப்புறம் அதைத் தூக்கி முன்னால் வைத்து, ‘விச்’ அலுத்துப்போனதால் ‘தட்’ போட்டேன்: “தி டின் இன் தட் வி பேக்ட் தி அல்வா”. மானேஜர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார்.

விச், தட் இரண்டும் ஒன்று என்றுதானே படித்தோம்? இதில் எதுதான் சரி?

தென்காசி ரோடு:
‘வேர்’ போட்டுத் தப்பித்துக்கொள்ளுங்கள். “தி ஷாப் வேர் ஐ வொர்க்” என்றால் ‘அட்’டும் வேண்டாம், ‘இன்’னும் வேண்டாம். நான் பதினைந்து வருஷமாக அப்படித்தான் ஓட்டுகிறேன். ஆனால் டின்னுக்கு ‘வேர்’ போட்டால் கொஞ்சம் இடிக்கும், ஒத்துக்கொள்கிறேன்.

பாளை பென்ஷன்:
தாயி, நான் பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் இங்கிலீஷ் பாடம் எடுத்தவன். உன் முதல் வாக்கியத்தில்தான் விஷயமே இருக்கிறது. மற்றது இரண்டும் அதன் வால்.

ஒரு பையன் பரீட்சைத் தாளில் “தி பிளேட் விச் ஐ ஏட்” என்று எழுதியிருந்தான். நான் சாப்பிட்ட தட்டு என்று சொல்ல நினைத்திருக்கிறான். இங்கிலீஷில் அவன் தட்டையே தின்றுவிட்டான். வகுப்பே சிரித்தது. ஆனால் அவன் தமிழ் தப்பில்லை. நன்னூல் பெயரெச்சத்துக்கு ஆறு பொருள் சொல்கிறது: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள். உண்ட சாத்தனும் சரி, உண்ட கலமும் சரி, உண்ட சோறும் சரி. மூன்றுக்கும் ‘உண்ட’ ஒன்றே. கலத்தில் உண்டான், சோற்றை உண்டான் என்கிற ‘இல்’லையும் ‘ஐ’யையும் பெயரெச்சம் விழுங்கிவிடுகிறது. கேட்கிறவன் பெயரைப் பார்த்துப் புரிந்துகொள்கிறான். நீ ‘அல்வா அடைத்த டின்’ என்று நினைத்தபோதே ‘இல்’ காணாமல் போய்விட்டது. அதனால்தான் ‘இன்’னும் வரவில்லை. நம் மொழிகளில் இந்த விச், ஹூ மாதிரிச் சொற்கள் கிடையாது, எச்சத்தை வைத்தே காரியம் நடக்கிறது என்று கால்டுவெல் 1856-லேயே ஒப்பிலக்கணத்தில் எழுதிவிட்டார். அவர் இருந்தது எங்கே என்கிறாய், இதே ஜில்லாவில் இடையன்குடியில்.

ஆகவே எழுதுமுன் வாக்கியத்தை இரண்டாக உடை. “திஸ் இஸ் தி டின். வி பேக்ட் தி அல்வா இன் தி டின்.” இரண்டாவதில் ‘இன்’ வந்துவிட்டதா? இனி அதைத் தொலைக்கக் கூடாது. முன்னால் வைத்தால் பொருளுக்கு ‘இன் விச்’, ஆளுக்கு ‘டு ஹூம்’. முன்னால் வருகிற பிரிபொசிஷனை ‘தட்’ தாங்காது, ‘ஹூ’வும் தாங்காது என்று வைத்துக்கொள். ‘இன் தட்’ என்று ஒன்று உண்டு, ஆனால் அதற்கு ‘எந்த வகையில் என்றால்’ என்று அர்த்தம். பின்னால் வைத்தால் விச், தட் எது வேண்டுமானாலும் போடலாம், இரண்டையும் விட்டுவிடவும் செய்யலாம்: “தி டின் வி பேக்ட் தி அல்வா இன்”. பேச்சில் அதுதான் வரும். முன்னாலும் பின்னாலும் இரண்டு ‘இன்’ போட்டுவிடாதே. பயத்தில் அதையும் செய்வார்கள்.

கடைசியில் விடக் கூடாது என்று உங்கள் மானேஜர் சொன்னது, டிரைடன் என்கிற இங்கிலீஷ் கவிஞர் கிளப்பிவிட்டது. 1672-ல், தனக்கு முந்தைய நாடகாசிரியர் பென் ஜான்சனின் எழுத்தில் இதைக் குற்றமாகச் சொன்னார். 1926-லேயே, இங்கிலீஷ் வழக்குக்கு அகராதி எழுதின ஃபௌலர் அதை மூடநம்பிக்கை வரிசையில் சேர்த்துவிட்டார். உன் இரண்டாவது வாக்கியத்தில் இலக்கணத் தப்பு இல்லை. ஆனாலும் சம்பளம் கொடுக்கிற இடம், கடை மெயிலில் ‘இன் விச்’ என்றே போடு.

ஜங்ஷன்காரி:
சார்வாள், ரொம்ப நன்றி! உடைத்து எழுதினதும் புரிந்துவிட்டது. “தி டின் இன் விச் வி பேக்ட் தி அல்வா இஸ் ஏர்டைட்.” மானேஜர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாததே பெரிசு. “தி கஸ்டமர் டு ஹூம் ஐ ஸ்போக்” என்றும் ஒன்று எழுதிவிட்டேன். அந்தத் தைரியத்தில், நான் பார்த்துக்கொள்ளும் கணக்குகள் என்பதற்கு “தி அக்கவுண்ட்ஸ் ஆஃப்டர் விச் ஐ லுக்” என்று போடலாமா?

பாளை பென்ஷன்:
வேண்டாம் தாயி. ‘லுக் ஆஃப்டர்’ ஒட்டுப் பிறவி. ‘பார்த்துக்கொள்’ளில் ‘கொள்’ளைப் பிய்த்து வாக்கியத்தின் முன்னால் வைத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கும் இதுவும். “தி அக்கவுண்ட்ஸ் ஐ லுக் ஆஃப்டர்” என்றே எழுது. ‘வெயிட் ஃபார்’ மாதிரியானவை அவ்வளவு இறுக்கமில்லை, “தி பார்சல் ஃபார் விச் தே ஆர் வெயிட்டிங்” ஓடும். எது பிரியும், எது பிரியாது என்பதற்கு ஒரே சூத்திரம் கிடையாது. வாயால் இரண்டு தடவை சொல்லிப் பார்.

தென்காசி ரோடு:
அப்போ கடைசியில் ‘ஆஃப்டர்’ வந்தால் மானேஜர் விடுவாரா?

ஜங்ஷன்காரி:
இன்று காட்டினேன். சிவப்புப் பேனாவை எடுத்தார், அந்த வரியில் வைத்தார், கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அப்புறம் மூடி போட்டுவிட்டு, “பார்சலைக் கட்டச் சொல்லு, வண்டி வந்திரும்” என்றார்.